நண்டு ரசத்துக்காகவே போகலாம்

தேவகோட்டையில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பும்போது காரைக்குடியில் இந்த மெஸ்ஸுக்குப் போனேன். எட்டு மேசை, வாழை இலை. மே மாதம், அதாவது மீன்பிடித் தடைக்காலம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகில் வந்ததுதான் கிடைக்கும் என்று தெரிந்தேதான் உட்கார்ந்தேன்.

நண்டு ரசம் பிரமாதம். மிளகும் பூண்டும் தொண்டையில் இறங்கும்போதே கண் கலங்கியது. ஆனால் நண்டு என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. கேட்டதற்கு, "பெருசெல்லாம் கம்பெனிக்குப் போயிருது தம்பி. சதையைப் பிரிச்சு டப்பாவுல அடைச்சு அமெரிக்காவுக்கு அனுப்புறாக" என்றார் சமைக்கும் ஆச்சி. பாக் நீரிணை நீல நண்டு ஏற்றுமதிச் சரக்கான பிறகு நமக்குப் பொடிசுதான்.

சுறாப்புட்டு ஏமாற்றம். வெங்காயமும் தேங்காய்ப்பூவும் முக்கால்வாசி, சுறாவைத் தேட வேண்டியிருந்தது. தாமதமாகப் பருவமடைந்து, கொஞ்சமாகக் குட்டி போடும் மீன். பிடித்துக்கொண்டே இருந்தால் எங்கிருந்து வரும்? அதற்காக இருநூறு ரூபாயா?

எதிர்பாராமல் பிடித்தது மத்திக் குழம்பு. மலையாளக் கரை மீன் என்றே பெயர் வாங்கியது இது. 1980களின் நடுவிலிருந்துதான் நம் கிழக்குக் கரையில் நிறைய வர ஆரம்பித்தது; கடல் சூடானதும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். புளியைத் தூக்கலாக விட்டு, வெந்தயம் தாளித்து, செட்டிநாட்டுக் குழம்பாகவே ஆக்கிவிட்டார் ஆச்சி. விலையும் மலிவு.

ஒரு மணிக்குள் போய்விடுங்கள். அப்புறம் ரசம் தீர்ந்துவிடும்.