எட்டா, ஒன்பதா? ஒளி வீரரின் வலிமைக்கு மூன்று விளக்கங்கள்

ஃபைனல் ஃபேண்டஸி 14 என்னும் இணையவழி விளையாட்டை, அதன் எண்ட்வாக்கர் என்னும் விரிவாக்கம் வரை முடித்தவர்களிடையே ஒரு வாதம் ஓய்வதேயில்லை: தெய்வங்களையும் தெய்வத்துக்கு நிகரானவர்களையும் ஒளி வீரரால், அதாவது ஆட்டக்காரர் இயக்கும் நாயகரால், எப்படி வீழ்த்த முடிகிறது? ரசிகர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் மூன்றுக்குத்தான் கதைக்குள்ளேயே வலுவான ஆதாரம் இருக்கிறது என்பது என் கருத்து: ஆன்மாவின் அடர்த்தி, ஏசெம் என்ற பண்டைக்கால மாந்தரின் வழிவந்த உரிமை, டைனமிஸ் எனப்படும் உணர்வாற்றல். கதையை இன்னும் முடிக்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது. பெரிய திருப்பங்கள் எல்லாமே கீழே வருகின்றன.

முதலில் கணக்கு. ஆதியில் வாழ்ந்த பண்டையோருள் ஒருவரான வெனாட், ஹைடலின் என்னும் ஒளித்தெய்வமாகி ஸோடியார்க் என்னும் இருள்தெய்வத்தைத் தாக்கியபோது, ஒன்றாக இருந்த உலகம் மூல உலகமாகவும் அதன் பதின்மூன்று பிரதிபலிப்புகளாகவும் பிளந்தது; உலகத்தோடு சேர்ந்து மனிதரின் ஆன்மாவும் பதினான்கு கூறுகளானது. பிளவுக்குத் தப்பிய பண்டையோரான எமெட்-செல்க், லஹாப்ரேயா, எலிடிபஸ் ஆகிய மூவரின் திட்டப்படி, ஏழு பிரதிபலிப்புகள் பேரழிவுகளின் வழியாக மூல உலகத்தோடு மீண்டும் இணைக்கப்பட்டன. (ஏழாவது பேரழிவுதான் 2012 நவம்பரில் பழைய பதிப்பின் சர்வர்கள் மூடப்பட்டபோது வந்த பஹாமுத் என்னும் டிராகனின் தாக்குதல். புதிய பதிப்பு 2013 ஆகஸ்டில் அந்தச் சாம்பலிலிருந்தே கதையைத் தொடங்கியது. தோற்றுப்போன ஒரு விளையாட்டை இவ்வளவு நேர்த்தியாகப் புராணமாக்கியதை நான் வேறெங்கும் கண்டதில்லை.) ஆகவே மூல உலகத்தவரின் ஆன்மா பதினான்கில் எட்டுப் பங்கு. ஷேடோபிரிங்கர்ஸ் விரிவாக்கத்தின் இறுதியில், பிரதிபலிப்புகளில் ஒன்றான முதல் உலகத்தின் வீரர் ஆர்ட்பர்ட் ஒளி வீரரோடு கலந்தபின் அது ஒன்பது.

அடர்த்திக் கொள்கை இந்த எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறது: கூறுகள் கூடக்கூட வலிமையும் கூடும் என்கிறது. எளிதாகப் புரிவதும், பேசுவதற்குத் தோதாக ஓர் எண்ணைத் தருவதும்தான் இதன் செல்வாக்குக்குக் காரணம். ஆனால் எட்டுப் பங்கு ஒளி வீரருக்கு மட்டும் வாய்த்த பேறு அன்று. மூல உலகத்தில் விடுதி நடத்துபவருக்கும் மீன் விற்பவருக்கும் அதே எட்டுப் பங்குதான். ஆர்ட்பர்ட்டின் குழுவையும் பாருங்கள். பதினான்கில் ஒரே ஒரு பங்கு ஆன்மாவைக் கொண்டிருந்த அவர்கள், தம் உலகத்தில் மிட்ரான், லோக்ரிஃப் என்னும் இரண்டு அசியன்களை (எமெட்-செல்க் முதலிய மூவரின் கூட்டத்தாரை) வீழ்த்தினார்கள். பின்னர் மூல உலகத்துக்கு வந்து, எட்டுப் பங்கு கொண்ட ஒளி வீரரோடு சமமாக மோதவும் செய்தார்கள். கடைசியில் தோற்றது உண்மைதான். ஆனாலும் எட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அமைந்த சண்டையாக அது எவருக்கும் தோன்றியிருக்காது.

பலர் கவனிக்காத மூன்றாவது சான்று ஒன்றும் இருக்கிறது. காலம் கடந்து வந்த கிரிஸ்டல் எக்ஸார்க் என்னும் பாத்திரம் புறப்பட்ட எதிர்காலத்தில் எட்டாவது பேரழிவு நடந்தே முடிந்துவிட்டது. முதல் உலகமும் மூல உலகத்தோடு இணைந்துவிட்டது. கணக்குப்படி அங்கே உயிர்பிழைத்தவர்கள் ஒன்பது பங்கு ஆன்மாவை எட்டியிருக்க வேண்டும். அவர்களுக்குக் கிடைத்ததோ தலைமுறை தலைமுறையாகப் போரும் பஞ்சமும்தான். மாவீரர்கள் பெருகிய காலமாக அதைக் கதை காட்டவேயில்லை.

அப்படியானால் அடர்த்திக்குப் பயனே இல்லையா? இருக்கிறது, வேறொரு வகையில். முதல் உலகத்தில் ஒளிக்காவலர்கள் என்னும் அரக்கர்களைக் கொன்று அவர்களுடைய ஒளியை உள்வாங்கிய நாயகர் அதைத் தாங்க முடியாமல் சிதையத் தொடங்குகிறார். ஆர்ட்பர்ட் கலந்த பிறகே அந்த ஒளியை அடக்க முடிகிறது. இங்கே அடர்த்தி கொள்ளளவாக மட்டுமே வேலை செய்கிறது. அண்டா பெரிதானால் அதிகச் சோறு பிடிக்கும். ஆனால் கைப்பக்குவம் அண்டாவில் இருப்பதில்லை.

ஏசெம் கொள்கை ரசிகர்களின் செல்லப்பிள்ளை. பண்டையோர் மன்றத்தின் பதினான்காம் இருக்கைக்கு உரிய ஏசெமின் ஆன்மாவே ஒளி வீரரிடம் மறுபிறவி எடுத்திருப்பதால், அவருடைய ஆற்றலும் கூடவே வந்தது என்பது இதன் வாதம். ஆன்மாவின் நிறம் ஒன்றுதான் என்பதைக் கதையே உறுதிப்படுத்துகிறது, அதில் விவாதமில்லை. ஆனால் இதே கதை உடல், நினைவு, ஆன்மா மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. இறந்தபின், ஈதர் என்னும் உயிராற்றலின் கடலில் நினைவு கரைந்துவிடுகிறது. தொலைவிலிருக்கும் தோழர்களை வரவழைக்கும் ஏசெமின் புகழ்பெற்ற மந்திரம் நாயகருக்குக் கிடைப்பது எமெட்-செல்க் யாருக்கும் தெரியாமல் செய்துவைத்த கல்லிலிருந்து. பிறவியிலேயே அது வந்திருந்தால் கல் எதற்கு? இந்தக் கொள்கை எமெட்-செல்கின் துயரத்தை அருமையாக விளக்குகிறது. ஒளி வீரரின் வாள்வீச்சைப் பற்றி அது சொல்வது சொற்பம்.

டைனமிஸ் கொள்கை கணக்கையே தலைகீழாக்குகிறது. உணர்வுகளால் இயங்கும் இந்த ஆற்றலை, ஈதர் அடர்ந்த உடல்கொண்ட பண்டையோரால் கையாள முடியவில்லை. ஈதர் மெலிந்த, பிளவுபட்ட மனிதரால் முடிகிறது. வெனாட் ஏன் உலகத்தைப் பிளந்தார், பண்டையோர் தம் படைப்பாற்றலால் ஏன் உலகத்துக்கு அழிவைக் கொண்டுவந்த மெட்டியானை எதிர்க்க இயலவில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடையைத் தருவது இதன் பெரிய பலம். அண்டத்தின் விளிம்பிலுள்ள அல்ட்டிமா துலேயில் தோழர்கள் ஒவ்வொருவராகத் தம்மையே ஈந்து பாதை அமைக்கும் காட்சிகளில் இது கண்முன்னே நடக்கவும் செய்கிறது.

இதிலும் ஓர் இடறல் உண்டு. மெலிவுதான் அனுகூலம் என்றால், ஒரே பங்கு ஆன்மா கொண்ட முதல் உலகத்தவர் மூல உலகத்தவரை எல்லா வகையிலும் மிஞ்சியிருக்க வேண்டும். ஆர்ட்பர்ட்டோடு கலந்ததால் நாயகர் டைனமிஸில் சற்றுப் பின்தங்கியிருக்கவும் வேண்டும். இதற்குக் கதை நேரடியாகப் பதில் தரவில்லை. முழு ஆன்மாவுக்கும் பிளந்த ஆன்மாவுக்கும் இடையில்தான் எல்லைக்கோடு, அதற்குக் கீழே ஒன்றோ ஒன்பதோ பெரிய வேறுபாடில்லை என்று வைத்துக்கொண்டால் சிக்கல் தீர்கிறது. நான் அப்படித்தான் வைத்துக்கொள்கிறேன்.

மூன்றையும் உரசிப் பார்க்க ஏற்ற கல், நாயகரை விடாது தேடிவரும் எதிரியான ஸெனோஸ். அவனுக்கு ஹைடலினின் அருள் இல்லை. ஏசெமின் ஆன்மாவும் இல்லை. பங்கோ எல்லாரையும் போல எட்டுதான். எக்கோ என்னும் அரிய திறன் செயற்கையாகக் கிடைப்பதற்கு முன்பே, ஸ்டார்ம்பிளட் விரிவாக்கத்தின் தொடக்கத்திலேயே, நாயகரைத் தோற்கடித்தவன் அவன். அடர்த்திக் கொள்கையும் ஏசெம் கொள்கையும் அவன் முன்னால் வாயடைத்துப் போகின்றன. எண்ட்வாக்கரின் கடைசிச் சண்டையில், உலகம் பிழைத்ததா அழிந்ததா என்ற கவலை சிறிதும் இல்லாமல், இந்த ஒரு மோதல் வேண்டும் என்ற வேட்கைக்காகவே அண்டத்தின் விளிம்பு வரை தேடிவந்து நிற்கிறான். ஒன்பது பங்கு ஆன்மா அவனுக்கு எதிரே கைமுட்டியை ஓங்க வேண்டியிருக்கிறது.