கேரளத்து அகத்தியர்கூடம் மலை ஏறப் போகிறீர்களா? 'பெர்மிட் எங்க பொறுப்பு' என்பவர்களிடம் உஷார்

"பெர்மிட், கைடு, டெண்ட், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரம் சுற்றுகிறது. அதை நம்பித் தலைக்கு 6,500 ரூபாய் கட்டிய எங்கள் கூட்டம், மலையேற்றம் தொடங்கும் போனக்காட்டில் வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டவே இல்லை.

சாவடியில் வனக்காவலர் ஆதாரை வாங்கி, பட்டியலில் விரல் வைத்து ஒவ்வொரு பெயராகத் தேடினார். எங்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. ஏஜென்ட் அனுப்பிய பாஸைக் கையில் கொடுத்ததும் ஒரு பார்வையிலேயே சொல்லிவிட்டார்: யாருடைய பாஸிலோ எங்கள் பெயர்களை ஒட்டியிருக்கிறார்கள். பெயர் இருந்த வரிகளில் மட்டும் எழுத்து கொஞ்சம் தடிமன்.

ஏஜென்டுக்குப் போன் போட்டால், "அண்ணே, டென்ஷன் ஆகாதீங்க, எஸ்டேட் வழியா வேற பாதை இருக்கு, ஆள் அனுப்புறேன்" என்கிறான். பணம் போனதைவிட எனக்கு இதில்தான் ஆத்திரம். பேப்பாறை சரணாலயம் அது, யானை நடமாடும் காடு. அனுமதியில்லாமல் நுழைந்தால் வழக்கு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகும் இப்படிப் பேச வாய் வருகிறது பாருங்கள்.

இந்த மலைக்கு ஏஜென்டே தேவையில்லை. சீசன் ஜனவரியில் தொடங்கும். கேரள வனத்துறை இணையதளத்தில் நாமே பதிவு செய்யலாம். பாஸ் அவரவர் பெயரில், அடையாள அட்டையோடு ஒத்துப்போக வேண்டும். மருத்துவச் சான்றிதழும் கேட்பார்கள். முதல் நாள் அதிருமலை முகாம், மறுநாள் 1,868 மீட்டர் உச்சி, மூன்றாம் நாள் இறக்கம். வழிகாட்டி வனத்துறை ஏற்பாடு. முகாமில் படுக்கக் கொட்டகை உண்டு, சாப்பாட்டுக்குக் கேண்டீன் உண்டு. அப்புறம் எதற்கு எங்களிடம் டெண்ட் வாடகை? அந்த ஒரு வரியே போதும், ஆள் மலைப்பக்கம் போனதே இல்லை என்று கண்டுபிடிக்க.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், பாஸ் எண்ணைத் திருவனந்தபுரம் வனவிலங்குக் காப்பாளர் அலுவலகத்தில் கேட்டுச் சரிபாருங்கள். போலி என்றால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள்; தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு மாறிவிடும். எங்களுக்கு இதுவரை ஆளுக்கு 2,000 வந்திருக்கிறது, மீதி "வேன் செலவு"க்குப் போய்விட்டதாம். அந்த வேனையும் நாங்கள்தான் பிடித்தோம். அதே ஆள் இப்போது வேறு பெயரில் கர்நாடகத்துக் குமார பர்வதம் மலைக்குப் பேக்கேஜ் போட்டுக்கொண்டிருக்கிறான்.