‘ரெட் நைன்’ என்று சொல்லி விற்கப்படும் மௌசர் கைத்துப்பாக்கிகள்: ஓர் எச்சரிக்கை

மூன்றாண்டுகளுக்கு முன் என்னை ஏமாற்றிய வியாபாரியை, அமெரிக்காவில் நான் வசிக்கும் மாநிலத்தில் நடந்த பழந்துப்பாக்கிச் சேகரிப்பாளர் சந்தையில் சென்ற மாதம் மீண்டும் பார்த்தேன். அவருடைய மேசையில், கைப்பிடி மரத்தில் 9 என்று செதுக்கிச் சிவப்பு பூசிய இன்னொரு மௌசர் இருந்தது. ஓர் இளைஞர் அதை ஆவலோடு கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் தனியே அழைத்துப் பேசினேன். வாங்க வருகிற எல்லோரிடமும் அப்படிப் பேச முடியாது என்பதால் எனக்கு நேர்ந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜெர்மனியில் நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள ஓபர்ன்டோர்ஃப் நகரின் மௌசர் ஆலையில், ஃபீடர்லே சகோதரர்கள் வடிவமைத்து, 1896 முதல் 1937 வரை தயாரிக்கப்பட்ட சி96 கைத்துப்பாக்கிக்குப் போன இடமெல்லாம் ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. அதன் உருண்ட கைப்பிடியைப் பார்த்த ஆங்கிலேயர் ‘துடைப்பப் பிடி’ என்றார்கள். மரப்பெட்டி போன்ற உறையைப் பார்த்த சீனர்கள் ‘பெட்டிப் பீரங்கி’ என்றார்கள். 1920களில் போல்ஷ்விக் ரஷ்யாவுக்குப் போன குட்டைக் குழல் வகைக்கு ‘போலோ’ என்று பெயர் வந்தது. 1914 ஆகஸ்டில் கல்கத்தாவின் ராடா என்னும் துப்பாக்கி வணிக நிறுவனத்துக்கு வந்த சரக்கிலிருந்து வங்கப் புரட்சியாளர்கள் கைப்பற்றிய 50 துப்பாக்கிகளும் இந்த மௌசர்தான். பள்ளி நாட்களில் அந்த நிகழ்ச்சியைப் படித்ததிலிருந்தே இதன்மேல் எனக்குத் தீராத ஈடுபாடு உண்டு.

இவற்றில் சேகரிப்பாளர்கள் தனியாகத் தேடுவது ‘ரெட் நைன்’, அதாவது ‘சிவப்பு ஒன்பது’ என்னும் வகையை. முதல் உலகப் போரின் நடுவில், படையின் வழக்கமான கைத்துப்பாக்கியான லூகர் போதாமல் போகவே, ஜெர்மானியத் தரைப்படை 1916இல் ஒன்றரை இலட்சம் மௌசர்களுக்கு ஆணை கொடுத்தது. மௌசரின் வழக்கமான தோட்டா 7.63 மில்லிமீட்டர், படையிடம் இருந்ததோ லூகருக்கான 9 மில்லிமீட்டர் தோட்டா. எனவே 9 மில்லிமீட்டர் குழலோடு செய்து தரச் சொன்னார்கள். இரண்டு வகையும் களத்தில் கலந்திருக்கையில் சிப்பாய் தவறான தோட்டாவை நிரப்பிவிடக் கூடாது என்பதற்காகக் கைப்பிடியின் இருபுறமும் பெரிய 9 ஒன்றைச் செதுக்கிச் சிவப்பு பூசினார்கள். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,37,000 துப்பாக்கிகள் படைக்குப் போய்ச் சேர்ந்தன.

எனக்கு விற்ற வியாபாரி இந்த வரலாற்றையெல்லாம் பிழையில்லாமல் சொன்னார். 1919இல் ஓர் அமெரிக்கச் சிப்பாய் போர் நினைவாகக் கொண்டுவந்தது என்றும், அந்தக் குடும்பத்திடமிருந்தே தாம் வாங்கியதாகவும் கூறினார். விசையை இழுத்ததும் அடிக்கும் சுத்தியல் என்ற பாகத்தின் பின்புறத்தில் இருந்த ‘என் எஸ்’ என்ற எழுத்துகளைக் காட்டி, இது போர்க்காலத்துப் ‘புதிய பாதுகாப்பு’ அமைப்பின் அடையாளம், இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்டார். குழலின் வாயும் 9 மில்லிமீட்டர்தான். நான் 2,400 டாலர் கொடுத்து, முறைப்படி பதிவு செய்து வாங்கி வந்தேன்.

நாற்பது ஆண்டுகளாக மௌசர்களை மட்டுமே சேகரித்து வரும் பெரியவர் ஒருவரிடம் சில வாரம் கழித்துக் காட்டியபோது, அவர் கைப்பிடியைத் திரும்பியே பார்க்கவில்லை. முதலில் வரிசை எண்ணைப் படித்தார். அது மூன்று இலட்சத்தைத் தாண்டிய எண். படைக்காகச் செய்தவற்றுக்கு 1இலிருந்து தொடங்கும் தனி வரிசை உண்டு என்பதால் ரெட் நைனுக்கு அத்தகைய எண் வரவே முடியாது. அது பொதுமக்களுக்கு விற்ற துப்பாக்கிகளின் வரிசை. அடுத்து, தூரத்துக்கேற்ப ஏற்றி இறக்கும் குறிபார்க்கும் பட்டையைக் காட்டினார். படைத்துப்பாக்கியில் அது 500 மீட்டரோடு நின்றுவிடும். என்னுடையதில் 1000 வரை பொறித்திருந்தது. படை அதிகாரிகள் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் குழலின் வலப்புறத்தில் இருக்க வேண்டிய, கிரீடமும் எழுத்தும் கொண்ட சிறு முத்திரைகள் ஒன்றுகூட இல்லை. வியாபாரி பெருமையோடு காட்டிய ‘என் எஸ்’ எழுத்துகளோ, அக்காலத்தில் பொதுச் சந்தைக்குப் போன துப்பாக்கிகளிலும் இருப்பவைதாம்.

பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியை என்னிடம் கொடுத்துக் குழலின் அடிப்பகுதியைப் பார்க்கச் சொன்னார். அரைகுறையாகத் தேய்த்து மழுப்பிய ஓர் இறக்குமதி முத்திரை அங்கே தெரிந்தது. அந்நிய நாட்டிலிருந்து விற்பனைக்கு வரும் துப்பாக்கியில் இறக்குமதியாளர் தம் பெயரையும் ஊரையும் பொறிக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். 1919இல் சிப்பாயின் பையில் வந்த துப்பாக்கிக்கு அந்த முத்திரை எப்படி வரும்? 1980களில் சீனாவிலிருந்து பழைய மௌசர்கள் ஏராளமாக அமெரிக்காவுக்கு வந்தன. பல்லாண்டு சுட்டுத் தேய்ந்த குழல்களோடு வந்தவற்றில் பலவற்றை இங்கே 9 மில்லிமீட்டருக்குக் குடைந்து விற்றார்கள். அப்படிக் குடைவது மட்டும் குற்றமாகாது. அந்த விவரத்தைச் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட துப்பாக்கியில் புதிதாகச் செய்த ‘9’ கைப்பிடியைப் பூட்டி, பொய்யான குடும்பக் கதையோடு பல மடங்கு விலைக்குத் தள்ளுவதைத்தான் நான் மோசடி என்கிறேன். சி96இன் முழு இயக்க அமைப்பும் திருகாணி இல்லாமலே ஒன்றோடொன்று பொருந்துவது. அதிலுள்ள ஒரே திருகாணி கைப்பிடி மரங்களைப் பிடித்திருப்பது. அதைக் கழற்றிப் பார்த்தபோது மரத்தின் உட்புறத்தில் எண்ணெய்க் கறையோ அழுக்கோ இல்லை. நேற்று அறுத்ததுபோல் வெளுத்திருந்தது. வாங்கும் முன் அந்தத் திருகாணியைக் கழற்றிக் காட்டச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. விற்பவர் அதற்கு மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

நான் பணத்தைத் திரும்பக் கேட்டபோது அவர் ரசீதை எடுத்து வரச் சொன்னார். அதில் ‘மௌசர் கைத்துப்பாக்கி, 9 மி.மீ., பார்த்தபடியே விற்கப்பட்டது’ என்று மட்டுமே இருந்தது. ‘ரெட் நைன்’ என்பதை அவர் வாயால் பலமுறை சொல்லியிருந்தும் தாளில் ஓரிடத்திலும் எழுதவில்லை. நான் கலந்து பேசிய வழக்கறிஞரும் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, வழக்குச் செலவு துப்பாக்கியின் விலையைத் தாண்டிவிடும் என்று சொல்லிவிட்டார். ஆகவே விற்பவர் எந்தப் பட்டப்பெயரைச் சொன்னாலும் அந்தப் பெயரையும், 1916ஆம் ஆண்டுப் படை ஆணையைச் சேர்ந்தது என்ற உறுதியையும், வரிசை எண்ணையும் ரசீதிலேயே எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். சென்ற மாதம் அந்த இளைஞர் என் கண்ணெதிரே அதைத்தான் கேட்டார். வியாபாரி துப்பாக்கியை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அது ஏற்கெனவே வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டது என்றார்.