பட்டன் மக்கர் செய்யும் சீக்வென்சரோடு சில வருடங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கோயில் திருவிழாக் கச்சேரிகளில் ரிதம் வாசிக்கிறேன். ரிதம் பேடுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன சீக்வென்சர், அதாவது போட்டு வைத்த தாளத்தைத் தானே திரும்பத் திரும்ப வாசிக்கும் கருவி, எப்போதும் இருக்கும். தாளத்தை 16 கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒன்றாக 16 ஸ்டெப் பட்டன், சில குமிழ்கள், பேட்டரியிலும் ஓடும், தோள்பையில் அடங்கிவிடும். கிக், ஷேக்கர் என்ற இரண்டு தாளச் சத்தங்களையும் அதில் ஓடவிட்டுவிட்டால் என் இரண்டு கையும் மேலே வாசிக்கக் கிடைக்கும். வாங்கிச் சில வருடம் ஆகியும் அதன் சத்தத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஸ்கிரீன், ஜாக், பேட்டரி வைக்கும் இடம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. படுத்தியதெல்லாம் பட்டன்தான். அதனால் இந்தப் பகிர்வு முழுக்கப் பட்டனைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில் ஐந்தாவது ஸ்டெப்பில் ஆரம்பித்தது. அழுத்தினால் லைட் எரியவில்லை. பட்டன் செத்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அது சாகவில்லை. ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாகக் கருவிக்குச் சொல்கிறது. ஸ்டெப் பட்டன் ஒரு அழுத்துக்கு ஆன், அடுத்த அழுத்துக்கு ஆஃப். கண் இமைப்பதற்குள் ஆன் ஆகி ஆஃப் ஆனால் நமக்கு ஒன்றுமே நடக்காத மாதிரிதான் தெரியும். அதே பட்டனை லைவாக அடிக்கும் மோடில் வைத்துத் தட்டிப் பாருங்கள், விஷயம் வெளியே வந்துவிடும். ஸ்னேர் டிரம் ‘டக்’ என்று விழாமல் ‘டடக்’ என்று விழும். நிஜமாகவே செத்த பட்டன் என்றால் எந்த மோடிலும் சத்தமே வராது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கருவியைத் திறக்க வேண்டாம் என்பேன்.

உள்ளே இருப்பது டேக்ட் சுவிட்ச். சதுரமாக, நான்கு காலோடு, நடுவில் ஒரு குட்டிக் குமிழோடு இருக்கும். குமிழுக்கு அடியில் கவிழ்த்த தட்டு மாதிரி ஒரு மெல்லிய உலோகத் தகடு. அழுத்தும்போது அது உள்வாங்கிக் கீழே உள்ள முனைகளைத் தொடுகிறது. தொடும் கணத்தில் கொஞ்சம் துள்ளும்; புது சுவிட்சிலும் இந்தத் துள்ளல் உண்டு. சில மில்லி செகண்டில் அடங்கிவிடும் என்பதால் உள்ளே இருக்கும் மென்பொருள் அதுவரை பொறுத்துவிட்டு ஒரே அழுத்தாகக் கணக்கு வைக்கிறது. தகட்டில் தூசியோ கறையோ ஏறினால் தொடர்பு விட்டு விட்டு வருகிறது, பொறுத்த நேரம் போதாமல் போகிறது. அதனால் கருவிக்குப் புது அப்டேட் வந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. சில கருவிகளில் அந்தக் காத்திருப்பைக் கூட்டினாலே இரட்டை அடி குறைந்துவிடும். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி) வேகத்தில், அடிக்கு நாலு ஸ்டெப் என்றால், ஒரு ஸ்டெப்புக்கு 125 மில்லி செகண்ட் இருக்கிறது. பட்டன் பத்து மில்லி செகண்ட் கூடுதலாகக் காத்திருந்தால் ஸ்டெப் போடுகிற கைக்குத் தெரியவே தெரியாது.

தூசிக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் அறுக்கும், பாலிஷ் போடும் பட்டறைகள் இருக்கும் சாலையோரத்தில் மேடை போட்டால், கச்சேரி முடிவதற்குள் கருப்புப் பெட்டி சாம்பல் நிறமாகிவிடும். கல்தூசி மின்சாரத்தைக் கடத்தாது. தகட்டுக்கும் முனைக்கும் நடுவே ஒரு துகள் உட்கார்ந்தாலே போதும். ஆடி மாதத்து அம்மன் கோயில் என்றால் இதோடு விபூதி, குங்குமம், கை வியர்வையின் உப்பு எல்லாம் சேர்ந்துகொள்ளும். பூசாரி அன்போடு விபூதி பூசிவிட்டுப் போவார், அதே கையோடுதான் அடுத்த பாட்டுக்கு பிளே பட்டனை அழுத்துவோம்.

வாங்கிய இடத்தில் கேட்டபோது, தனியாக பட்டன் மாற்றித் தர மாட்டோம், மேல் போர்டையே மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். கருவி வாங்கிய விலையில் பாதிக்கு வந்தது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் சுவிட்சுக்காக நல்ல போர்டைக் கழற்றிப் போடச் சொல்வது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை. இன்றும் அதே கருத்துதான்.

காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பார்த்தேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு, குமிழின் ஓரத்தில் ஒரு சொட்டு இறங்கும்படி அடித்து, பட்டனைப் பலமுறை அழுத்தி எடுத்து, நன்றாகக் காயவிட்டால் வேலை செய்கிறது. ஆனால் நிற்காது. ஒரு திருவிழா சீசன் ஓடும், அப்புறம் பழைய கதைதான். ஸ்பிரேயைத் தற்காலிக மருந்தாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். ரப்பர் பட்டன் உள்ள கருவி வைத்திருப்பவர்களுக்கு வேறு வழி. அதில் ரப்பருக்கு அடியில் கருப்பாக ஒரு கார்பன் பொட்டு இருக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு அந்தப் பொட்டையும் போர்டில் உள்ள தடத்தையும் மெதுவாகத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உப்புத்தாள் வைத்துத் தேய்க்கக் கூடாது, கார்பன் உதிர்ந்துவிடும்.

இதற்குள் பிளே பட்டனும், மற்ற பட்டன்களோடு சேர்த்துப் பிடிக்கும் ஷிஃப்ட் பட்டனும் மக்கர் செய்ய ஆரம்பித்திருந்தன. கடைசியில் தர்மபுரியில் ஒரு பழைய டிவி மெக்கானிக் அண்ணனிடம் போனேன். போர்டைப் பார்த்ததுமே, “தம்பி, டப்பா டிவியில சேனல் மாத்துற பட்டனுக்கு அடியில இருக்குமே, அதே சுவிட்சுதான் இது” என்றார். மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் சுவிட்சின் குறுக்குக் கால்களில் வைத்தார். நான்கு காலில் இரண்டிரண்டு உள்ளுக்குள் எப்போதும் சேர்ந்தே இருக்கும். குறுக்காக வைத்தால்தான் சுவிட்சின் நிலை தெரியும். நல்ல பட்டனை அழுத்தியதும் மின்தடை ஒரு ஓமுக்கும் கீழே போய் அசையாமல் நின்றது. பிளே பட்டனில் நூறு, ஆயிரம் என்று எண் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு வரிசை பட்டன் மொத்தமும் ஒரே நேரத்தில் போனால் சுவிட்சைக் குறை சொல்லாதே, ரிப்பன் கேபிளையும் டயோடையும் பார் என்றும் சொன்னார்.

அப்போது கையில் புது சுவிட்ச் இல்லை, அடுத்த வாரம் கச்சேரி. எங்கள் பக்கத்துப் பாட்டு பெரும்பாலும் ஆறு-எட்டு தாளம், நீளத்தை 12 ஸ்டெப்பாகக் குறைத்துத்தான் போடுவேன். அதனால் 13 முதல் 16 வரையுள்ள பட்டன்கள் கை படாமல் புதுசாகவே இருந்தன. அதில் இரண்டைக் கழற்றி பிளேவுக்கும் ஷிஃப்டுக்கும் போட்டுத் தந்தார். அவர் கழற்றிய விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு காலிலும் பழைய சால்டரின் (பற்றவைக்கும் உலோகம்) மேல் கொஞ்சம் புது சால்டரை உருக்கி வைத்தார். கம்பெனியில் வைப்பது ஈயமே கலக்காத வகை, உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். கடையில் கிடைக்கும், வெள்ளீயம் 60, ஈயம் 40 பங்கு கலந்த 60/40 வகை 190 டிகிரிக்குள்ளேயே உருகும். இரண்டும் கலந்தால் உருகுநிலை இறங்குகிறது, போர்டுக்குச் சூடு குறைவாகப் போகிறது. அப்புறம் உறிஞ்சும் பம்பால் இழுத்து, மிச்சத்தைச் செம்புப் பின்னலில் ஏற்றி, சுவிட்ச் தானாக ஆடும்வரை காத்திருந்தார். அவசரப்பட்டு இழுத்தால் போர்டில் ஒட்டியிருக்கும் செம்புத் தடமும் சேர்ந்து வந்துவிடும்.

பிறகு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு பாக்கெட் சுவிட்ச் வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம். வாங்கும்போது 6 மி.மீ. சதுரம் என்று மட்டும் சொன்னால் போதாது. குமிழின் உயரத்தை அளந்து சொல்ல வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினால் மேல்மூடி போட்டதும் பட்டன் எப்போதும் அழுந்தியே இருக்கும், குறைந்தால் விரலுக்கு எட்டாது. அழுத்த பலமும் வேறுவேறாக வருகிறது. 160 கிராம், 260 கிராம் இரண்டையும் அழுத்திப் பார்த்து 160 எடுத்தேன். வேகமாக ஸ்டெப் போட விரலுக்கு அதுதான் இதம்.

மேடையிலேயே பிளே பட்டன் காலை வாரினால் என்ன செய்வது? கீபோர்டிலிருந்து சீக்வென்சருக்கு ஒரு மிடி கேபிள் (இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் கம்பி) போட்டு, கீபோர்டை மாஸ்டராக வைத்துவிடுங்கள். 1983இல் வந்த அந்த ஏற்பாடு இன்றும் அப்படியே வேலை செய்கிறது. ஸ்டார்ட், ஸ்டாப் கட்டளையும், ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்பு வீதம் டெம்போவும் கேபிள் வழியே வந்துவிடும். சீக்வென்சரில் வெளி கிளாக்கை, அதாவது கேபிளில் வரும் டெம்போவை, ஏற்கும்படி முன்பே செட்டிங் வைத்திருந்தால் போதும், பிளே பட்டனைத் தொடவே வேண்டாம்.

இப்போது நம்பர் பிளேட் கடையில் அக்ரிலிக்கை அளவெடுத்து வெட்டி ஒரு மூடி செய்து வைத்திருக்கிறேன். வாசிக்காத நேரமெல்லாம் மூடியேதான் இருக்கும். எல்லா சுவிட்சும் மாற்றிய பிறகு இரட்டை அடி வரவில்லை. பழசாக ஒன்று வாங்க நினைப்பவர்கள் ஸ்டெப் பட்டன்களை விட பிளே, ஸ்டாப், ஷிஃப்ட் மூன்றையும் அதிக நேரம் சோதியுங்கள், அதிகம் தேய்வது அவைதான். ஷிஃப்டை மெதுவாகப் பிடித்தபடி மற்ற பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். நடுவில் ஒரு முறையாவது ஷிஃப்ட் விட்டுப்போனால், விலை பேசும்போதே சுவிட்ச் மாற்றும் கூலியைக் கழித்துக்கொள்ளுங்கள்.