பதினாறு மணி நேர விமானமும் ஒரு தாம்பூலப் பையும்: பத்து வருட அனுபவம்

2015-ல் முதல் முறை டல்லாஸுக்குக் கிளம்பும்போது என் கையில் இருந்தது ஒரு கெட்டி பிளாஸ்டிக் ட்ராலி. தி.நகரில் பேரம் பேசி வாங்கியது, நாலு சக்கரம், நம்பர் பூட்டு, பார்க்க ஜோராக இருக்கும். சென்னையிலிருந்து வளைகுடாவுக்கு நாலரை மணி நேரம், அங்கே மூன்று மணி நேரக் காத்திருப்பு, அப்புறம் டல்லாஸ் வரை ஒரே மூச்சில் பதினாறு மணி நேரம். வழியில் எனக்குத் தேவைப்படும் எல்லாமே அந்தப் பெட்டிக்குள் இருந்தது, பெட்டி தலைக்கு மேலே இருந்தது, நான் ஜன்னலோரம் இருந்தேன், எனக்கும் நடைவழிக்கும் நடுவில் இரண்டு பேர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். தலைவலித் தைலம் எடுக்க ஆசைப்பட்டது இரண்டாவது மணி நேரத்தில், எடுத்தது எட்டாவது மணி நேரத்தில்.

அதற்குப் பிறகு இந்த வழியில் போக வர பதினோரு முறை ஆகிவிட்டது (கொரோனா காலத்தில் இரண்டு வருடம் போகவில்லை). இப்போது கையில் இரண்டு பைகள். மேலே போவது ஒன்று, காலடியில் கிடப்பது ஒன்று. மேலே போவதை ஏறும்போது ஒரு முறை வைத்தால் இறங்கும்போதுதான் தொடவேண்டும். நடுவில் அதைத் திறக்க நேர்ந்தால் பேக்கிங் சரியில்லை என்று அர்த்தம். காலடிப் பை எங்கள் சித்தி மகள் கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை. மணமக்கள் பெயர் அழிந்து மாலை படம் மட்டும் மிச்சம். முன் இருக்கைக்கு அடியில் மடங்கிப் படுத்துக்கொள்ளும். விமான நிலையக் கடையில் டாலர் கொடுத்து வாங்கிய ‘ஆர்கனைசர்’ ஒன்று வீட்டுப் பரணில் தூங்குகிறது, அதில் எட்டு ஜிப், எதில் எதை வைத்தோம் என்று இருட்டில் தேடுவதற்கே ஒரு மணி நேரம் போய்விடும்.

பெட்டிக் கதையை முடித்துவிடுகிறேன். நம் ஊர் விமானங்களிலும் வளைகுடா விமானங்கள் பலவற்றிலும் எகானமிக்குக் கைப்பை 7 கிலோதான். என் ட்ராலி காலியாகவே 3.2 கிலோ. ஆக, எனக்குக் கிடைத்த 7 கிலோவில் கிட்டத்தட்டப் பாதியைச் சக்கரமும் கைப்பிடியும் தின்றுகொண்டிருந்தன, இது உறைக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. 2017-ல் ஏறும் வாசலில் தராசு வைத்து நிறுத்தார்கள், 9.4 காட்டியது, அங்கேயே சீட்டு ஒட்டிக் கீழே சரக்குப் பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். என் மாத்திரை, மூக்குக் கண்ணாடி, சார்ஜர் எல்லாம் அதோடு போனது. சார்ஜரோடு பவர் பேங்கும் போயிருக்கும், நல்ல வேளையாகக் கடைசி நிமிடத்தில் நினைவு வந்து உருவிக்கொண்டேன், பவர் பேங்க் மாதிரித் தனி லித்தியம் பேட்டரி கீழே போகவே கூடாது. அன்றிலிருந்து 1.1 கிலோ துணி முதுகுப்பை. எட்டு வருடமாக உழைக்கிறது. முதுகு வியர்க்கும், விமானம் மாறும் ஊரில் நீண்ட நடை நடக்கும்போது சக்கரம் இல்லையே என்று தோன்றும், ஆனால் வாசலில் நிற்கும் அம்மணி அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. வீட்டில் ஒரு கொக்கித் தராசு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான்.

இனி தாம்பூலப் பைக்குள்.

முதல் மார்க் ஈரிழைத் துண்டுக்கு. சிரிக்காதீர்கள். ஊரில் குளித்துத் துவட்டுகிற அதே மெல்லிய துண்டு. கழுத்தில் சுற்றினால் மேலிருந்து வரும் குளிர் காற்றுக்கு மறைப்பு, நாலாக மடித்துக் கண்ணில் போட்டால் இருட்டு, விமானத் தலையணை மேல் விரித்தால் யார் தலை வைத்ததோ என்ற கவலை இல்லை, காபி கொட்டினால் துடைக்கலாம், கழிவறையில் முகம் கழுவி வந்தபின் முன் இருக்கை மேஜையில் விரித்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அவ்வளவு சீக்கிரம் காய்வதற்குக் காரணம் துண்டு மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. துண்டு காய்கிற அதே வேகத்தில் நம் மூக்கும் உதடும் கண்ணும் காய்கின்றன. அதனால் பையில் சின்ன டப்பியில் வாஸலின் இருக்கும், தூங்குவதற்கு முன் மூக்கு ஓரத்தில் தடவிக்கொள்வேன். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் ஏறும் முன்பே கழற்றிவிடுங்கள், என் மனைவி ஒரு முறை கண் சிவந்து இறங்கி, அழுதாயா என்று அவள் அண்ணன் பதறியது தனிக் கதை.

காலியான எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் ஒன்று. பாதுகாப்புச் சோதனை தாண்டியதும் நிரப்பிக்கொள்வேன். 2006-ல் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி பிடிபட்டபின் வந்த, திரவமோ பேஸ்ட்டோ 100 மில்லி டப்பாவுக்கு மேல் கையில் கூடாது என்கிற விதி இன்னும் பெரும்பாலான இடங்களில் உயிரோடு இருக்கிறது, அதில் பலரும் ஏமாறுவது ஒன்றில்தான்: உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கமாட்டார்கள், டப்பாவின் அளவைத்தான் பார்ப்பார்கள். வால் பக்கம் வரை பிதுக்கிச் சுருட்டிய 150 கிராம் பேஸ்ட் ட்யூபை நீட்டி, ‘சார், இதில் ஒன்றுமே இல்லை’ என்று வாதாடி நான் தோற்றிருக்கிறேன்.

அழுத்தக் காலுறை. முட்டி வரை வரும், போடுவதற்குள் மூச்சு வாங்கும், போட்டுப் பார்த்தால் ஏதோ நோயாளி மாதிரி இருக்கும் என்று நாலு வருடம் தள்ளிப்போட்டேன். அது வரை டல்லாஸில் இறங்கும்போதெல்லாம் ஷூவின் கயிறு கட்ட முடியாது, பாதம் இட்லி மாதிரி உப்பியிருக்கும். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போனால் காலில் ரத்தம் உறையும் அபாயம் இரண்டு மடங்கு ஆகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007 ஆய்வு சொன்னது. பயப்படவும் வேண்டாம், அப்படிப் பார்த்தாலும் கிட்டத்தட்ட 6000 பேரில் ஒருவருக்குத்தான். என் டாக்டர் 15–20 mmHg (காலுறையின் இறுக்க அளவு) போதும் என்றார். காலில் ரத்த ஓட்டப் பிரச்சினை இருப்பவர்கள் கேட்காமல் போடவேண்டாம். இப்போது இதில்லாமல் நான் ஏறுவதில்லை.

கழுத்துத் தலையணை மூன்று வாங்கியாகிவிட்டது. ஊதுகிறது, தெர்மோகோல் மணி போட்டது, மெமரி ஃபோம். மூன்றுமே தலையை முன்னால் தள்ளுகின்றன, ஒன்றுகூட எனக்கு ஒத்துவரவில்லை. சத்தம் குறைக்கும் ஹெட்போன் நல்லதுதான், ஆனால் காதை மூடிக்கொண்டு பதினாறு மணி நேரம் இருந்தால் காது மடல் வலிக்கும், பாதி நேரம் பத்து ரூபாய்ப் பஞ்சுதான்.

பவர் பேங்க் விஷயத்தில் மட்டும் பழைய அனுபவத்தை நம்பாதீர்கள், விதிகள் மாறிவிட்டன. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசானில் கிளம்ப நின்ற விமானம் ஒன்று தீப்பற்றி எரிந்தது, மேலே இருந்த பவர் பேங்கிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்றார்கள். ஏப்ரலில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பறக்கும்போது பவர் பேங்க் பயன்படுத்தக் கூடாது என்றது, அக்டோபரில் எமிரேட்ஸும் அதையே சொன்னது, அங்கே ஆளுக்கு ஒன்றுதான், தலைக்கு மேல் வைக்கவும் கூடாது. கொள்ளளவு 100 வாட்-மணிக்குள் (Wh) இருக்கவேண்டும். 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-மணி, பிரச்சினை இல்லை. ஆனால் அந்த எண் பேங்கின் மேல் தெரியவேண்டும். என்னுடையது ஆறு வருடம் சாவிக்கொத்தோடு உரசி எழுத்தெல்லாம் தேய்ந்துபோய்விட்டது, ஒரு விமான நிலையத்தில் அதிகாரி புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார். அவர் செய்தது சரிதான், ஆனாலும் வயிறு எரிந்தது.

சரி, சாப்பாடு. நாம் இட்லிப் பொடி இல்லாமல் கிளம்பமாட்டோம். அமெரிக்கா போகும் விமானங்களில் 2018 ஜூன் கடைசியிலிருந்து 350 மில்லி அளவுக்கு மேல் பொடி கையில் இருந்தால் தனியாகப் பிரித்துச் சோதிப்பார்கள், திருப்தி இல்லையென்றால் எடுத்துவிடுவார்கள். அம்மா வறுத்து அரைத்த அரைக் கிலோ பருப்புப் பொடி அப்படித்தான் இடையில் மாறும் ஊரில் நின்றுபோனது. பொடியைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள். கையில் கொண்டுபோக ஒரு வழி இருக்கிறது: பொடியை எண்ணெயில் குழைத்து இட்லியிலேயே தடவிவிடுவது. ரயிலுக்குக் கட்டுவது மாதிரி எட்டு மினி இட்லி, வாழை இலைத் துண்டில் சுற்றி டப்பாவில். யாரும் கேட்டதில்லை. வாசனையும் புளியோதரை அளவுக்குப் பக்கத்து இருக்கையைத் தாக்காது. இறங்கும் முன் தீர்த்துவிடவேண்டும், இலையோடு சேர்த்து டப்பாவைக் காலி செய்துவிட்டே இறங்குவேன். கறிவேப்பிலையை ஒளித்துக் கொண்டுபோகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரும் என்பதால் அமெரிக்காவில் பிடுங்கிவிடுவார்கள். கசகசா அதைவிட ஆபத்து. வளைகுடாவில் அது போதைப்பொருள் கணக்கில் வரும், நாம் மாறிப் போகிற பயணிதானே என்ற சமாதானம் செல்லாது.

இன்னொன்று, ஏறுவதற்கு முன் சுண்டல், முட்டைக்கோஸ், சோடா வேண்டாம். மேலே உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலையில் இருப்பது போலத்தான், முறுக்கு பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள், வயிற்றுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இது நல்லது.

2023-ல் அம்மா தனியாக வந்தார். அவருக்கும் இதே ஏற்பாடுதான், பை மட்டும் மஞ்சள் பை. மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு அதில் போட்டேன், இரண்டு நாளுக்கு அதிகமாகவே. நான் எழுதிக் கொடுத்த ஆங்கிலத் துண்டுச்சீட்டும் (என் போன் நம்பர், இந்த விமானத்துக்கு மாறவேண்டும், சைவம்), மூக்குக் கண்ணாடியும், சால்வையும். தூக்கு நிறையத் தயிர்சாதம் கொண்டுவருவேன் என்று அடம் பிடித்ததில் மட்டும் நான் ஜெயித்தேன். இறங்கியதும் எப்படி இருந்தது என்று கேட்டேன். ‘எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல இருந்ததுடா, அந்தக் காலுறையைத்தான் கழட்டத் தெரியலை’ என்றார்.

தாம்பூலப் பைக்கு இப்போது வயசாகிவிட்டது. கைப்பிடி இரண்டு முறை அறுந்து அம்மா தைத்துக் கொடுத்தார், அடியில் ஒரு பக்கம் நூல் விட்டுக்கொண்டிருக்கிறது. புதிது ஒன்று கிடைக்கும் என்று போன ஜூனில் ஊரில் ஒரு கல்யாணத்துக்கு ஆவலோடு போனேன். தாம்பூலத்தை எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.