எபிக் ஃபேன்டஸி முதல் பாகங்களை ஒலிப்புத்தகமாகக் கேட்பது: நீண்ட கால அனுபவம்

சில வருடங்களாக எபிக் ஃபேன்டஸி (மந்திரமும் கற்பனை உலகமும் கொண்ட நீண்ட காவியக் கதை) தொடர்களின் முதல் பாகங்களை நான் பெரும்பாலும் ஒலிப்புத்தகமாகத்தான் கேட்டு வருகிறேன். எல்லாமே ஆங்கிலத்தில். நடக்கும்போது, துணி மடிக்கும்போது, கைக்கு வேலை இருந்து காது சும்மா இருக்கிற எல்லா நேரத்திலும். அச்சில் நன்றாக இருக்கும் முதல் பாகம் காதுக்கும் நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பது இவ்வளவு கேட்டபின் எனக்கு உறுதியாகத் தெரிகிறது. எத்தனை பேரின் பார்வையில் கதை நகர்கிறது, அதை யார் வாசிக்கிறார் என்ற இரண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் கடைசிவரை கேட்டு முடிப்போம். தொடரின் புகழை மட்டும் பார்த்து எடுத்தால் பாதியில் நிற்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

முதல் பாகத்தைத் தனியாகப் பேசக் காரணம் உண்டு. மூன்றாம் பாகத்துக்கு வரும்போது ஊர், குலம், மந்திரம் எல்லாம் பழகியிருக்கும். முதல் பாகத்தில் எதுவும் தெரியாது. அச்சுப் புத்தகம் இதற்காகவே முன்னால் ஒரு வரைபடமும் பின்னால் ஒரு சொற்பட்டியலும் கொடுத்துவிடும். சந்தேகம் வந்தால் படிக்கும் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு முன்னால் புரட்டிப் பார்த்துவிடலாம். காதில் அந்த வசதி கிடையாது. 30 நொடி பின்னால் போகும் பொத்தான் இப்போது தவறிய வாக்கியத்துக்கு உதவும். இரண்டு மணி நேரத்துக்கு முன் ஒரே ஒருமுறை வந்துபோன பெயரை அதைக் கொண்டு தேட முடியாது.

பெயர்கள்தான் முதல் சிக்கல். டோல்கீனின் 'தி ஃபெலோஷிப் ஆஃப் தி ரிங்'கில் சௌரான் ஒருவன், சாருமான் இன்னொருவன். பக்கத்தில் எழுத்து வேறாக இருப்பதால் கண் பிரித்துவிடும். கேட்கும்போது, அதுவும் சாலையைக் கடந்துகொண்டே கேட்கும்போது, இரண்டும் ஒன்றாகவே விழும். எல்ராண்டின் ஆலோசனைக் கூட்டம் வரும் அந்த நீண்ட அத்தியாயத்தில் சாருமானின் துரோகமும் சௌரானின் மோதிர வரலாறும் அடுத்தடுத்துச் சொல்லப்படுகின்றன. அதை மட்டும் உட்கார்ந்து கேளுங்கள்.

ராபர்ட் ஜோர்டனின் 'தி ஐ ஆஃப் தி வேர்ல்ட்'டில் (1990) வேறு மாதிரி. கண்களே இல்லாத மிர்ட்ரால் என்ற உருவத்தை ஒருவர் ஃபேட் என்பார், இன்னொருவர் ஹாஃப்மேன் என்பார். ஊருக்கு ஊர் பெயர் மாறுவது அந்த உலகத்துக்கு இயல்பானது, படிக்க அழகானது. முதல்முறை கேட்பவருக்கோ அது இரண்டு மூன்று தனித்தனி அரக்கர்களாகத் தோன்றும். இதற்கு நான் செய்வது எளிது. போனில் ஒரு குறிப்பைத் திறந்து, பெயரைக் காதில் விழுந்தபடியே தமிழில் எழுதி, பக்கத்தில் இரண்டு சொல்லில் யார் என்று போட்டுக்கொள்வேன். நைநீவ், ஊர் வைத்தியர். எக்வேன், விடுதிக்காரர் மகள். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. முதல் ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு அந்தக் குறிப்பை அநேகமாகத் திறக்கவே வேண்டியிருக்காது.

பெயர் விஷயத்தில் காதுக்கு ஒரு லாபமும் உண்டு. அச்சில் படிப்பவர்கள் வாயில் நுழையாத பெயரைக் கண்ணாலேயே தாண்டிப்போய், தொடர் முடியும்வரை அதை உச்சரிக்காமலே இருந்துவிடுகிறார்கள். கேட்டவருக்கு அது நாக்கில் வந்துவிடும்.

அடுத்தது குரல். எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம், ஏனென்றால் முதல் பாகத்தில் நாம் தேர்ந்தெடுக்கும் குரலோடு பல நூறு மணி நேரம் இருக்கப்போகிறோம். ஜோர்டன் தொடர் மொத்தம் 14 பாகங்கள், முன்கதை நூல் ஒன்று தனி. கேட்டு முடிக்க 400 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதை மைக்கேல் கிராமரும் கேட் ரெடிங்கும், நிஜ வாழ்விலும் கணவன் மனைவியான இருவர், பங்கிட்டு வாசித்திருக்கிறார்கள். ஆண்களின் பார்வையில் வரும் பகுதிகள் கிராமருக்கு, பெண்களின் பார்வையில் வருபவை ரெடிங்குக்கு. குரல் மாறிய உடனே யார் மனதுக்குள் இருக்கிறோம் என்று புரிந்துவிடுவது பெரிய உதவி. ஆனால் முதல் பாகம் பெரும்பாலும் நாயகன் ராண்டின் பார்வையில் போவதால் 30 மணி நேரத்தில் பெரும்பகுதி கிராமரிடமே இருக்கிறது. இந்த ஏற்பாட்டின் பலன் அடுத்த பாகங்களில்தான் தெரியும். 2021 முதல் நடிகை ரோசமண்ட் பைக் வாசித்த பதிவும் இருக்கிறது. அவர் ஒருவரே எல்லாரையும் தாங்குகிறார், நடிப்பு அதிகம். என் காது கிராமரின் நிதானத்துக்குப் பழகிவிட்டது. புதிதாகத் தொடங்குபவருக்கு பைக் இன்னும் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

ராய் டாட்ரிஸ் வாசித்த 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ஏறத்தாழ 34 மணி நேரம். 224 பாத்திரங்களுக்குத் தனித்தனிக் குரல் கொடுத்ததற்காக அவர் பெயர் கின்னஸில் இருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயமும் பிரான், கேட்லின், டைரியன் என்று ஒரு பாத்திரத்தின் பெயரோடு தொடங்குவது, கேட்பவருக்கென்றே யோசித்துச் செய்தது போல இருக்கும். கவனம் எங்கே அலைந்தாலும் அடுத்த பெயர் வந்ததும் இடம் தெரிந்துவிடும். கிழவர்களுக்கும் முரட்டு வீரர்களுக்கும் டாட்ரிஸை மிஞ்ச ஆள் இல்லை. பதிமூன்று வயது டெனேரிஸுக்கு ஒரு முதியவரின் குரல் என்பதுதான் கடைசிவரை எனக்கு ஒட்டவில்லை. தொடர்ந்து போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நான்காம் பாகம் முதலில் வேறொருவர் குரலில் வந்து, பிற்பாடுதான் டாட்ரிஸ் அதைப் பதிவு செய்தார். ஐந்தாம் பாகத்தில் சில பாத்திரங்களின் குரல் பழையபடி இருக்காது. அவர் 2017இல் இறந்துவிட்டார்.

ஒருவர் வாசிப்பதால் புத்தகமே ஒரு படி உயர முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ஜோ அபர்கிராம்பியின் 'தி பிளேட் இட்செல்ஃப்' (2006). வாசிப்பவர் ஸ்டீவன் பேசி (Pacey). அதில் க்லோக்டா என்று ஒரு விசாரணை அதிகாரி. போர்க் கைதியாக இருந்து வதைபட்டதில் பல பற்கள் போய்விட்டன, ஒரு கால் இழுத்துக்கொண்டு வரும், படிக்கட்டைப் பார்த்தாலே வெறுப்பு. அச்சில் அவர் வெளியே பேசுவது மேற்கோள் குறிக்குள்ளும் மனதுக்குள் நினைப்பது சாய்வெழுத்திலும் இருக்கும். சாய்வெழுத்தைக் காதுக்கு எப்படிக் கொண்டுவருவது? க்லோக்டா வெளியே பேசும்போது வாசிப்பவர் அவருக்குப் பல் போன வாயின் குழறலைக் கொடுக்கிறார். அதே க்லோக்டா மனதுக்குள் நினைக்கும்போது குழறல் இல்லை, சொல் ஒவ்வொன்றும் கூர்மையாக வந்து விழுகிறது. ஒரே மூச்சில் மேலதிகாரியிடம் பணிவாக ஒன்றைச் சொல்லி, உள்ளே அதற்கு நேர்மாறாக இன்னொன்றை நினைப்பார். இடையில் எந்த விளக்கமும் இல்லாமலே நமக்குப் புரியும். உடைந்த உடம்புக்குள் பழைய மனிதன் முழுசாக இருக்கிறான் என்பதைப் பக்கத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம், இங்கே அதைக் கேட்கவே முடிகிறது. 22 மணி நேரம் போனதே தெரியாது.

பாட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டோல்கீனைப் படிப்பவர்களில் பாதிப் பேர் பாட்டு வந்தால் அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள். 1990இல் ராப் இங்கிலிஸ் பதிவு செய்த 19 மணி நேர வாசிப்பில் அவர் அவற்றைப் பாடுகிறார். பாட்டு வரும்போது நடையும் தானாக மெதுவாகிறது, ஹாபிட்டுகள் என்ற குட்டை மனிதர்கள் வழிநடைப் பாட்டுப் பாடிக்கொண்டு போகிற இடங்கள் பயணத்தின் பகுதியாகவே ஆகிவிடுகின்றன. ஆண்டி செர்கிஸின் பதிவு (2021) இன்னும் நாடகத் தன்மை கொண்டது, திரையில் கொல்லம் (Gollum) என்ற பாத்திரமாக வந்தவர் என்பதால் அந்தக் குரலை நேரடியாக அவரிடமே கேட்கலாம். இங்கிலிஸ் வீட்டுப் பெரியவர் கதை சொல்வது போல. எனக்குப் பிடித்தது அதுதான்.

தன்மையில், அதாவது 'நான்' என்று சொல்லப்படும் கதைகள் காதுக்கு மிக எளிது. ராபின் ஹாபின் 'அசாசின்ஸ் அப்ரெண்டிஸ்' (1995) 17 மணி நேரம்தான், ஒரே பையனின் நினைவுகள். பேட்ரிக் ராத்ஃபஸின் 'தி நேம் ஆஃப் தி விண்ட்'டில் நாயகனே தன் கதையைச் சொல்ல, எதிரே ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறார். நாமும் அந்த விடுதியில் இன்னொரு மேசையில் உட்கார்ந்து கேட்பதாகவே இருக்கும். நிக் போடல், ரூபர்ட் டெகாஸ் என்று இருவரின் பதிவுகள் உள்ளன, இரண்டுமே நன்று. இரண்டாம் பாகம் 2011இல் வந்ததோடு தொடர் நிற்கிறது. அதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

கடினமானவை இரண்டு. பிராண்டன் சாண்டர்சனின் 'தி வே ஆஃப் கிங்ஸ்' (2010) 45 மணி நேரம். முன்னுரையில் ஒருவர், முகவுரையில் இன்னொருவர், முதல் அத்தியாயத்தில் மூன்றாமவர் என்று மூன்று முறை தொடங்கும், மூவருமே உடனே நம்மை விட்டுப் போய்விடுவார்கள். அத்தியாயத் தலைப்பில் வரும் மேற்கோள்கள் பக்கத்தில் தனியாகத் தெரியும், காதில் கதையின் முதல் வரி போலவே ஓடும். நடுவில் வரும் ஓவியக் குறிப்பேட்டுப் பக்கங்கள் காதுக்கு வராது. இருந்தாலும் காலடின் என்ற பாத்திரம் பாலம் சுமக்கப் போகும் இடத்தைத் தாண்டிவிட்டால் நிறுத்த மனசு வராது.

ஸ்டீவன் எரிக்சனின் 'கார்டன்ஸ் ஆஃப் தி மூன்' (1999) மட்டும் காதுக்கு முதல்முறையாகப் பரிந்துரைக்க மாட்டேன். அச்சில் முன்னாலேயே பாத்திரப் பட்டியல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கதை நடுவில் பிடித்துத் தொடங்கும், யாரும் எதையும் விளக்க மாட்டார்கள். அதோடு முதல் மூன்று பாகங்களை வாசித்த ரால்ஃப் லிஸ்டர் நான்காவதில் இல்லை, மைக்கேல் பேஜ் வந்துவிடுகிறார். ஒருமுறை படித்துவிட்டுக் கேட்டால் அற்புதமாக இருக்கும்.

வேகம் பற்றி எல்லாரும் கேட்பார்கள். புது உலகத்தின் முதல் சில மணி நேரத்துக்கு 1.0, பிறகு 1.25. 45 மணி நேரம் அப்போது 36 ஆகிவிடும். அதற்கு மேலே போனால் வாசிப்பவர் வேண்டுமென்றே விடுகிற மௌனங்கள் காணாமல் போகின்றன, சண்டைக் காட்சிகளில் அது நன்றாகவே தெரியும். புது முதல் பாகத்தைத் தூங்கும் நேரத்தில் கேட்காதீர்கள், ஸ்லீப் டைமர் ஏற்கெனவே கேட்டவற்றுக்குத்தான். ஒரு செயலி புதுப்பித்தபோது என் இடக்குறிகள் அத்தனையும் அழிந்துபோயின. அதிலிருந்து அத்தியாய எண்ணையும் அதே குறிப்பில் எழுதி வைக்கிறேன். வரைபடத்தை மட்டும் தேடி எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், சில பதிவுகளோடு பிடிஎஃப் ஆகவே வரும். மாதிரி ஒலியைக் கேட்கும்போது உரையாடல் இருக்கும் பகுதியாகப் பாருங்கள். வர்ணனையை யாரும் நன்றாக வாசித்துவிடுவார்கள்.

இதுவரை ஒன்றும் கேட்டதில்லை என்றால் ஹாபில் தொடங்கலாம். ஒரே பையன், ஒரே கோட்டை, 17 மணி நேரம். அப்புறம் அபர்கிராம்பி. அந்த இரண்டும் முடிந்தபின் ஜோர்டனின் 30 மணி நேரம் நீளமாகவே தோன்றாது.