படகு பேட்டரி ஜோடி: நன்றாக உழைத்தது, மறுபடி வாங்க மாட்டேன்

"பேட்டரி ரெண்டையும் மாத்தப்போறேன் மாமா, நீங்க போட்டிருக்கிற அதே கம்பெனிய எடுக்கலாமா?" என்று மச்சினன் கேட்டான். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. நாகப்பட்டினத்தில் தங்கு கடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போகும் விசைப்படகுக்காரர்கள் பலருக்கும் இதே தலைவலி இருப்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். லாரிக்குப் போடுகிற, தண்ணீர் ஊற்றும் பேட்டரிதான். 12 வோல்ட் இரண்டை சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, எஞ்சினைக் கிளப்பும் 24 வோல்ட் செல்ஃப் மோட்டாருக்குக் கொடுத்திருக்கிறோம். விடியற்காலைக் குளிரிலும் ஒரே திருப்பில் எஞ்சின் எடுக்கும். படகு எவ்வளவு அதிர்ந்தாலும் பெட்டி விரிசல் விட்டதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு சும்மா கிடக்கும்போது பாதிப் பேர் பேட்டரி படுத்துவிடும். நடுவில் கழற்றிச் சார்ஜ் ஏற்றி வைத்ததால் எங்களுடையது ஒவ்வொரு வருஷமும் உயிரோடு எழுந்தது.

ஆனால் கரண்ட் பிரச்சினை ஒன்று விடாமல் துரத்தியது. எஞ்சினை நிறுத்தி ராத்திரி வலை போட்டுக் கிடந்துவிட்டு, காலையில் செல்ஃப் அடித்தால் ஜிபிஎஸ் அணைந்து மறுபடி முதலிலிருந்து எழும். ஆழமும் மீனும் காட்டும் எக்கோவும் அப்படியே. விஎச்எஃப் வயர்லெஸ் செட் இன்னும் மோசம்: எதிரில் பேசுகிறவர் குரல் தெளிவாகக் கேட்கும், நாம் பேச பட்டனை அமுக்கியதும் செத்துவிடும். கேட்கும்போது அந்த செட்டுக்கு ஒரு ஆம்பியர்கூட வேண்டாம். 25 வாட்டில் பேசும்போது ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். வயரிலோ பேட்டரியிலோ பலவீனம் இருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது இதுதான். கோடியக்கரைக்குத் தெற்கே இது சின்ன விஷயமே இல்லை. இலங்கையோடு 1974, 1976 ஒப்பந்தங்களில் போட்ட எல்லைக் கோடு தண்ணீரில் தெரியாது, ஜிபிஎஸ் திரையில்தான் தெரியும்.

பார்த்த எலக்ட்ரீஷியன்கள் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: பேட்டரி போச்சு. நம்ப முடியவில்லை, ஏனென்றால் டேஷ்போர்டு மீட்டர் எஞ்சின் ஓடும்போது 28 வோல்ட் காட்டியது. அது சரியான அளவு.

மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு எஞ்சின் ரூமில் உட்கார்ந்தேன். முதலில் டெர்மினல். ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்திலும் மறு முனையை அதன்மேல் மாட்டியிருக்கும் வயர் முனை லக்கிலும் வைத்து ஆளை விட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அரை வோல்ட் காட்டினால் உள்ளே அரித்துப் பச்சை பூத்திருக்கிறது என்று அர்த்தம். நான்கு இடத்திலும் கிட்டத்தட்ட பூஜ்யம்தான். பிறகு எஞ்சினை ஓடவிட்டுப் பேட்டரிகளைத் தனித்தனியாகப் பார்த்தேன். ஒன்றில் 15 வோல்ட்டை ஒட்டி நின்றது, இன்னொன்றில் 13-தான். மூடியைத் திறந்தால் 15 காட்டியதில் தண்ணீர் தட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது, மற்றதில் ஊற்றியது ஊற்றியபடி நிற்கிறது. எஞ்சினை நிறுத்தி சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் நல்லது 12.7, கெட்டது 12.1. அதாவது பாதி காலி.

காரணம் ஒரு சிவப்பு வயர். படகு கட்டிய யார்டில் வயரிங் செய்தவர் ஜிபிஎஸ், எக்கோ, செட், ராத்திரி லைட் எல்லாவற்றுக்கும் இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்து 12 வோல்ட் எடுத்திருக்கிறார். ஊரில் முக்கால்வாசிப் படகில் இப்படித்தான். எர்த் பக்கத்துப் பேட்டரி மட்டும் ராத்திரி முழுக்க உழைக்கிறது. சார்ஜ் ஏறும்போது சீரிஸில் ஒரே கரண்ட் இரண்டின் வழியாகவும் போகிறது. வேலை செய்தவனுக்கும் தூங்கினவனுக்கும் ஒரே அளவு சோறு. ஒருவன் பட்டினி, இன்னொருவனுக்கு அஜீரணம். பட்டினி கிடந்தது நாளடைவில் சல்ஃபேட் படிந்து செத்தது. டேஷ்போர்டு மீட்டருக்கு மொத்தம் 28 வந்தால் போதும், உள்ளே நடப்பது அதற்குத் தெரியாது.

பயமுறுத்தியது அந்த 15 வோல்ட்தான். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறும் பேட்டரி தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனைக் கக்கும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். மூடிய எஞ்சின் ரூம், ஸ்பேனர் எர்த்தில் தட்டுகிற இடம், பீடி பற்றவைக்கும் ஆட்கள். அன்றிலிருந்து உள்ளே பீடி கிடையாது. எஞ்சின் நின்றதும் ரூம் மூடியைத் திறந்து காற்று விட்ட பிறகுதான் பேட்டரியைத் தொடுவது. கழற்றும்போது எர்த் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில். பேட்டரியைத் தூக்கிப் பெட்டியில் வைத்துப் பெல்ட் போட்டு இறுக்கினேன், ஏனென்றால் படகின் அடியில் தேங்கும் பில்ஜ் தண்ணீர் ஏறி ஆசிட்டோடு உப்புநீர் கலந்தால் குளோரின் வாயு வரும்.

பரிகாரம் எளிது. நடு வயரை வெட்டி எறிந்துவிட்டு, 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை 30 ஆம்பியரில் போட்டேன். இரண்டு பேட்டரியிலிருந்தும் சமமாக இழுக்கும். பிளஸ் டெர்மினலை ஒட்டியே ஒரு ஃபியூஸ். இப்போது செல்ஃப் அடித்தாலும் ஜிபிஎஸ் கண் சிமிட்டுவதில்லை.

கோபம் இனிமேல்தான். வாரண்டி முடியாத பேட்டரியை டீலரிடம் கொண்டுபோனால் ஆசிட் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்துவிட்டு, "ஒன்னு நல்லா இருக்கு, ஒன்னு போயிருக்கு, பராமரிப்பு சரியில்ல" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தயாரிப்பில் குற்றம் இல்லை என்பது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படகுக்கு என்று சொல்லித்தான் விற்றார்கள். நடுவில் வயர் எடுக்காதீர்கள் என்று வாரண்டி அட்டையில் ஒரு வரி அச்சடிக்க என்ன செலவு? பழையதோடு புதியதைச் சேர்த்துக் கட்டக் கூடாது என்பதால் நல்ல பேட்டரியையும் சேர்த்துத் தள்ளி இரண்டு வாங்க வேண்டியதாயிற்று. ஒரு தடவை கடலுக்குப் போய்வந்த காசு போயிற்று.

மச்சினனிடம் முதலில் கன்வெர்ட்டர் வாங்கச் சொன்னேன், அது ஒரு பேட்டரி விலைகூட இல்லை. அப்புறம் பேட்டரி எந்தக் கம்பெனி என்று திரும்பவும் கேட்டான். எங்கள் படகில் இருந்ததைத் தவிர எதுவானாலும் எடு என்று சொல்லிவிட்டேன்.